மாறிக்கொண்டே இருக்கும் கிருமியும் மாறாமல் குடிக்க வேண்டிய மருந்தும்

(தோட்டக் கலாசார மண்டபத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



எயிட்ஸ் எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்றைக்கு அதற்கு அடுத்த கேள்விக்கு வருகிறேன். எச்.ஐ.வி. கிருமி உடம்பில் புகுந்த ஆள் பல வருடம் நல்லாத்தானே இருக்கிறார்? வேலைக்குப் போகிறார், கொழுந்து எடுக்கிறார், கோயில் திருவிழாவில் காவடி தூக்குகிறார். பிறகு ஏன் உடம்பு விழுந்து போகிறது? அதுவரைக்கும் உள்ளே என்ன நடக்கிறது? இது விளங்கினால்தான், மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர்மார் ஏன் சொல்கிறார்கள் என்பதும் விளங்கும்.

இந்தக் கிருமியை 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள். பல வருடம் அது உள்ளே தூங்கிக் கிடக்கிறது என்றுதான் முதலில் அநேகர் நினைத்தார்கள். 1995, 1996 ஆண்டுகளில் வந்த ஆராய்ச்சிகள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. மருந்து எடுக்காதவர் உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி புதிய கிருமிகள் உண்டாகின்றன. வெளியே ஆள் நல்லா இருக்கிற காலத்திலும் உள்ளே சண்டைதான்.

நம்ம இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் சீ.டி.4 என்று ஒரு வகை இருக்கிறது. கிருமி அதற்குள் புகுந்துதான் பெருகும். தன்னைப் பற்றிய குறிப்பை, சுமார் 9,700 எழுத்து நீளமான குறிப்பை, அது பிரதி எடுக்கிறது. செக்ரோலை அவசர அவசரமாகப் பார்த்து எழுதி, ஒரு தரமும் சரிபார்க்காத ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கங்கே எழுத்துப் பிசகும் இல்லீங்களா? கிருமியும் அப்படித்தான். சில பிரதிக்கு ஒரு பிழை விழுகிறது. 1,000 கோடிப் பிரதிக்கு எத்தனை கோடிப் பிழை என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பிழை விழுந்ததில் அநேகம் உருப்படாமல் போய்விடும். சிலது மட்டும் வேறு முகத்தோடு தப்பிக்கொள்ளும்.

வீ.பி. மலையும் பழைய விதைத் தேயிலை மலையும் நமக்குத் தெரியும். வீ.பி. மலையில் ஒரே தாய்ச்செடியின் தண்டில் வந்த செடிகள்; எல்லாம் ஒரே மாதிரி. விதைத் தேயிலையில் ஒரு செடி போல மற்றது இல்லை. கடும் வரட்சி வந்தாலும் அதில் சிலது தாங்கி நிற்கும். எச்.ஐ.வி. உடம்புக்குள் வந்த புதிதில் பெரும்பாலும் ஒரே ஒரு கிருமியின் வாரிசுகள்தான், வீ.பி. மலை மாதிரி. வருடம் போகப் போக அது விதைத் தேயிலை மலை மாதிரி ஆகிவிடுகிறது.

நம்ம உடம்பு சும்மா இருப்பதில்லை. கிருமியின் முகத்தைப் பார்த்து எதிர்ப்புப் பொருள் செய்கிறது. ஆனால் அது செய்து முடிப்பதற்குள் கிருமி முகத்தை மாற்றிக்கொள்கிறது. இன்றைக்கு இரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புப் பொருள், சில மாதத்துக்கு முந்திய கிருமியைத்தான் நல்லா அடையாளம் காணும். உடம்பு எப்போதும் ஓரடி பின்னால்தான் ஓடுகிறது.

அமெரிக்காவில் 9 ஆண்களை, தொற்றிய காலத்திலிருந்து 6 முதல் 12 வருடம் வரை தொடர்ந்து கவனித்து, 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிருமியின் மேலுறைப் பகுதி, ஆரம்பத்தில் இருந்ததைவிட வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் மாறிக்கொண்டே போனதைக் கண்டார்கள். பலரில் பிற்காலத்தில் இன்னொரு மாற்றமும் வருகிறது. முதலில் அணுவின் ஒரு வாசல் வழியாக மட்டும் நுழைந்த கிருமி, வேறு வாசலாலும் நுழையப் பழகுகிறது. அதன்பிறகு வெள்ளை அணுக்கள் வேகமாகக் குறைகின்றன. சுகமான ஆளுக்கு ஒரு சொட்டிலும் சிறிய ஒரு அளவு இரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்க வேண்டிய சீ.டி.4 அணு, 200க்குக் கீழே போனால் அதைத்தான் எயிட்ஸ் நிலை என்கிறார்கள். காசநோய் போன்ற நோய்கள் அப்போதுதான் லேசாக வந்து ஏறிக்கொள்கின்றன. மருந்து எடுக்காவிட்டால், அநேகருக்கு இந்த நிலைக்கு வர 8 முதல் 10 வருடம் எடுக்கும்.

இனி மருந்துக்கு வருவோம். 1987இல் ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து பாவனைக்கு வந்தது. 1989இலேயே அதற்கு அடங்காத கிருமிகளைக் கண்டார்கள். 1,000 கோடியில் சிலது தப்பிவிட்டது. 1996க்குப் பிறகு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரே கிருமியில் ஒரே நேரத்தில் மூன்றுக்கும் தப்பும் பிழைகள் விழுவது மிக மிக அரிது. மருந்து பிரதி எடுப்பதையே நிறுத்துகிறது. பிரதி இல்லையென்றால் பிழையும் இல்லை, மாற்றமும் இல்லை. இன்றைக்கு அநேகருக்கு மூன்று மருந்தும் ஒரே குளிசையில் கிடைக்கிறது.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிற ஒரு பிள்ளை, பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் குளிசையை எங்கே ஒளித்து வைக்கும்? அடுத்த காம்பராவில் இருமினால் இந்தக் காம்பராவில் கேட்கும். "யாராவது பார்த்தால் என்ன சொல்வார்களோ" என்று நாலு நாள் விடுகிறது. மருந்து இரத்தத்தில் குறைந்த அந்த நாட்களில் கிருமி திரும்பப் பிரதி எடுக்கத் தொடங்குகிறது. அடிக்கடி இப்படி விட்டால், அரைகுறை மருந்துக்குத் தப்பும் கிருமிதான் மிஞ்சிப் பெருகும். பிறகு அதே குளிசை வேலை செய்யாது. அந்தக் கிருமி துணைக்கும் தொற்றலாம். அப்போது அந்தப் பிள்ளையின் மருந்தைக் கெடுத்தது கிருமி மட்டுமா? நம்ம வாயும்தான்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள்; தானாக நிறுத்த வேண்டாம். கிருமியை முற்றாக ஒழிக்க இந்த மருந்தால் முடியாது. சில அணுக்களுக்குள் அது மறைந்திருக்கும், விட்டால் திரும்ப வரும். ஆனால் ஒழுங்காகக் குடித்து, பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருக்கிறவரிடமிருந்து உடலுறவினால் துணைக்குத் தொற்றுவதில்லை. அவர் நம்மைப் போல உழைத்து, பிள்ளை குட்டி வளர்த்து வாழலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்தது. தாய்மார் கர்ப்ப காலத்தில் பரிசோதனை செய்து, மருந்தை விடாமல் குடித்ததால் கிடைத்த பெயர் அது.

சந்தேகம் இருக்கிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம். கண்டி, நுவரெலியா, பதுளை, இரத்தினபுரியில் அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்குகள் இருக்கின்றன. பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் இரகசியம். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தோ, ஒரே பீலியில் குளித்தோ, ஒரே நிறையில் கொழுந்து எடுத்தோ இது தொற்றாது. ஆகவே மருந்து குடிக்கிற ஆளைக் கண்டால், தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுங்கள். "குடிச்சாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவே பெரிய உதவி.