நறுவிலிக்குளக் கரையில் ஒரு பாய்ப்படகு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாக நறுவிலிக்குளத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாய்ப்படகுப் பயிற்சி என்று நாம் முன்மொழிந்தபோது சங்கக் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மண்டபம் கட்டினால் கல்வெட்டில் பெயர் இருக்கும். படகில் என்ன இருக்கும் என்றார்கள். நியாயமான கேள்விதான்.

நாங்கள் போர்க்காலத்துப் பிள்ளைகள். கடற்றொழிலுக்குப் போகும் ஆண்களுக்கே பாஸ் வேண்டியிருந்த அந்நாளில், பெண்பிள்ளைக்குக் கடல் பார்ப்பதற்கு மட்டுமே இருந்தது. கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாமல் வளர்ந்தோம். இன்று வைத்தியர்களாக இருக்கும் எங்களுக்கு, நீரில் மூழ்கிய பிள்ளையைக் கொண்டுவரும் தாயின் முகம் தெரியும். ஆகவே இது விளையாட்டுக்கான கோரிக்கை மட்டுமல்ல.

பாய் எங்களுக்குப் புதிதுமல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போனது. இயந்திரம் வந்தபின் பாயைச் சுருட்டி வைத்துவிட்டோம்.

சென்னையில் 1997 இல் பிறந்த நேத்ரா குமணன் பன்னிரண்டு வயதில் கோடை முகாமொன்றில் பாய்ப்படகு பழகத் தொடங்கியவர். ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. ரோக்கியோவில் 35 ஆம் இடம், 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 21 ஆம் இடம். பதக்கம் இல்லைத்தான். ஆனால் எங்கள் மொழி பேசும் ஒரு பெண் அந்த வரிசையில் நின்றார்.

சிறுவர் தொடங்குவது 'ஒப்ரிமிஸ்ற்' என்ற பெட்டி போன்ற படகில். 1947 இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்தது. நீளம் 2.3 மீற்றர், உடல் எடை 35 கிலோ, பாய் ஏறத்தாழ 3.3 சதுர மீற்றர். இரண்டு பிள்ளைகள் தூக்கிக் கரையேற்றலாம். பதினைந்து வயது வரைதான் அதில் போட்டியிடலாம். பிறகு 4.23 மீற்றர் நீளமான ஐ.எல்.சி.ஏ. படகு, முன்னர் லேசர் என்றார்கள். உடல் ஒன்றே, ஓட்டுபவரின் எடைக்கேற்பப் பாயும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும் மாறும். சிறியது 4.7, பெண்களின் ஒலிம்பிக் போட்டிக்குரியது ஏறத்தாழ 5.8, பெரியது ஏறத்தாழ 7 சதுர மீற்றர். எல்லாருக்கும் ஒரே படகு என்பதால் காசுள்ளவர் வேகமான படகு வாங்கி வெல்ல வழியில்லை. எங்களுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

இவற்றுடன் சுக்கான், நடுவில் இறக்கும் பலகை, பாயை இழுத்து விடும் கயிறு (பழைய கடலோடிகளின் சொல்லில் தாமான்), தண்ணீர் இறைக்க ஒரு வாளி. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் இயந்திரப் படகொன்று எப்போதும் தயாராக நிற்கவேண்டும். பாய்ப்படகை விட இதற்குத்தான் கூடுதலாகச் செலவாகும் என்பதைச் சங்கப் பொருளாளர் இப்போதே கேட்டுக்கொள்ளட்டும்!

பயிற்சியின் முதற்பாடம் நீச்சல். இரண்டாம் பாடம் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நடுப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்துவது. கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தி வரக்கூடாது, அதைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது பிள்ளையின் உடம்புக்கே தெரிந்துவிட வேண்டும். பிறகுதான் காற்று. காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாயும் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறிமாறித்தான் காற்றை எதிர்த்து ஏறலாம். காற்றைப் பின்னால் வைத்துத் திரும்பும்போது பாயின் அடித்தடி சட்டென்று மறுபக்கம் பாயும். தலை குனியாவிட்டால் எங்களிடம் தையல் போட வரவேண்டியதுதான். போட்டிக்கு வந்தால் ஐந்து நிமிடத் தொடக்கக் கணக்கு; வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு இடப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு விலகவேண்டும். படகைச் சரியவிடாமல் வெளியே சாய்ந்து தொங்குவதால் தொடையும் முதுகும் நோகும். அதற்குக் கரையிலேயே உடற்பயிற்சி வேண்டும். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, நீளக் கைச்சட்டை இவையும் உபகரணங்களே.

ஒன்றில் மட்டும் அவசரப்படக் கூடாது. வாடைக்காற்று எங்கள் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். தண்ணீர் அமைதியாகத் தெரியும், ஆனால் பழகாத பிள்ளையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். சோளகம் கரைக்குத் தள்ளும், அலை பெரிது. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரைக் காலைகளே தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றவை. இதையெல்லாம் எந்தப் பயிற்றுநரையும்விட அவ்வூர்க் கடற்றொழிலாளர் அறிவார்கள். முதலில் அவர்களைத்தான் அழைக்கவேண்டும். தங்கள் பெண்பிள்ளைகளை அனுப்பச் சம்மதிக்க வேண்டியவர்களும் அவர்களே.

கொழும்பிலும் பொல்கொடை வாவியிலும் பாய்ப்படகுக் கழகங்கள் நெடுங்காலமாக உள்ளன. அங்கே பயிற்சி பெற நம் உடற்கல்வி ஆசிரியைகள் இருவரை அனுப்பலாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள சகோதரிகளே, உங்கள் ஊர்க் கழகங்களில் பாவித்த ஒப்ரிமிஸ்ற் படகுகள் விலைக்கு வருமா என்று விசாரித்து எழுதுங்கள். நீச்சல் வகுப்புக்கான பெயர்ப்பதிவுத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. தாய்மாருக்கும் இடமுண்டு, முதல் வரிசையில் எங்கள் பெயர்களை எழுதியிருக்கிறோம்.