தப்பு உங்க எடையில இல்ல, தோல்ல

(ஒலிவடிவத்தில் வெளியான எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு சைக்கிள் சீட்டைப் பத்திப் பேசப் போறோம். அதுலயும் முக்கியமா, என்னை மாதிரி கொஞ்சம் கனமான ஆட்களுக்காக.

என் எடை 104 கிலோ. வேலூர்ல இருந்து ஆம்பூர் போயிட்டு வர்றது என் ஞாயிற்றுக்கிழமை ரூட். ஆசையா ஒரு தோல் சீட் வாங்கினேன். ஏழாவது மாசமே நடுவுல குழி விழுந்து தூளி மாதிரி தொங்கிடுச்சு. கடைக்காரர்கிட்ட கொண்டுபோனா, அவர் சீட்டைப் பார்க்கவே இல்ல. என்னைத்தான் மேலயும் கீழயும் பார்த்தார். "சார், கொஞ்சம் வெயிட்டைக் குறைங்களேன்" அப்படின்னார். நானும் அசட்டுத்தனமா சிரிச்சிட்டு வந்துட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு, ஆம்பூர் டேனரியில ரொம்ப வருஷம் வேலை பார்த்த ஒரு பெரியவர்கிட்ட அந்த சீட்டைக் காட்டினேன். கத்தியால ஓரத்துல லேசா சீவினார். உள்ளே நீலமும் சாம்பலும் கலந்த நிறம். "தம்பி, இது ஷூவுக்குப் போற தோலு. மடங்கறதுக்குன்னே பதனிட்டது. இது மேல உட்கார்ந்தா தொங்காம என்ன செய்யும்?"

அந்த ஒரு கேள்வியில விஷயம் முடிஞ்சுபோச்சு. கொஞ்சம் விளக்கிச் சொல்றேன்.

கடையில 'தோல் சீட்'னு ரெண்டு விதமான பொருள் விக்குது. ஒண்ணு, பிளாஸ்டிக் அடித்தட்டு, மேல ஃபோம், அதுக்கு மேல மெல்லிசா ஒரு தோல் உறை. கனமான ஆளுக்கு அந்த ஃபோம் சீக்கிரமே நசுங்கிடும். இன்னொண்ணு, 1866-ல தொடங்கின இங்கிலாந்து கம்பெனி ப்ரூக்ஸ் பிரபலமாக்கின வகை. இதுல ஃபோமே கிடையாது. முன்னாடி மூக்குலயும் பின்னாடி கம்பியிலயும் ரிவெட் அடிச்சு, ஒரே ஒரு தடிமனான தோலை இழுத்துக் கட்டியிருப்பாங்க. நம்ம கயிற்றுக் கட்டில் மாதிரிதான். முழு எடையும் அந்த இழுவையிலதான் நிக்குது.

அதனால தோல் எப்படிப் பதனிட்டதுங்கறதுதான் எல்லாமே. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இன்னிக்கு அதிகமா நடக்கிறது குரோம் பதனிடல். வேலை சீக்கிரம் முடியும், தோலும் மெத்துனு வரும், ஷூவுக்கு அருமை. ஆனா நம்ம ஊரோட பழைய முறை வேற. ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் போட்டு வாரக்கணக்கா ஊறவைப்பாங்க. 'ஈஸ்ட் இந்தியா' தோல்னு கடல் தாண்டிப் பேர் வாங்கினது அதுதான். 1970-கள்ல பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி பண்ண அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. அதுக்கப்புறம் தொழில், முடிச்ச தோலுக்கும் ஷூவுக்கும் திரும்பிடுச்சு. இதுக்கெல்லாம் பாலாறு கொடுத்த விலை தனிக் கதை. 'மாசுபடுத்தினவங்களே செலவையும் ஏத்துக்கணும்'னு உச்ச நீதிமன்றம் 1996-ல தீர்ப்பு சொன்ன வழக்கே வேலூர் வழக்குதான்.

பட்டையில பதனிட்ட தோல் விறைப்பா இருக்கும். உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி மெதுவா வளைஞ்சு, அந்த வடிவத்துலயே நிக்கும். அப்போ கனமான ஆள் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

முதல்ல, அடியில வெட்டின ஓரம். உள்ளே வரைக்கும் பழுப்பா இருந்தா நல்லது. கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, சுலபமா அமுங்கினா வேண்டாம். வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும், முதுகுப் பகுதித் தோல்தான் தாங்கும். அடுத்து, பின்னாடி ஸ்பிரிங் இருக்கா? நம்ம தாத்தா காலத்து சைக்கிள் சீட்டுல சும்மாவா ஸ்பிரிங் வச்சாங்க? குழியில விழுற அதிர்ச்சியில ஒரு பங்கை அது வாங்கிக்கும். மூணாவது, அடிக்கம்பி. நமக்கு ஸ்டீல்தான் சரி.

இப்போ என் பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கணும். மழையில நனைஞ்ச சீட்டு மேலயே உட்கார்ந்து ஓட்டினேன். ஈரத்தோல் ஒரு தடவை இழுபட்டா பழையபடி திரும்பாது. பளபளப்பா இருக்கட்டும்னு தேங்காய் எண்ணெய் வேற ஊத்தினேன், தோல் இன்னும் தளர்ந்துபோச்சு. லேசா மெழுகு தடவினாப் போதும். மூக்குல இருக்கிற போல்ட்டை ஆசைக்கு முறுக்காதீங்க. நிஜமாவே தொய்ஞ்சா மட்டும், ஒரு தடவைக்குக் கால் சுத்து. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். பள்ளம் வந்தா பெடல் மேல எழுந்து நில்லுங்க.

கனமான ஆளுக்கு சீட் கொஞ்சம் சீக்கிரம் தளரும், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஏழு மாசத்துல தொங்கறது எடையோட கணக்கு இல்ல. இப்போ ஓட்டுற ஸ்பிரிங் சீட்டுக்கு நாலாவது வருஷம் நடக்குது. என் எடை அதே 104-தான்.

அதனால அடுத்த தடவை யாராவது உங்களை மேலயும் கீழயும் பார்த்தா, சிரிச்சிட்டு வந்துடாதீங்க. சீட்டைத் திருப்பி, ஓரத்தைக் காட்டி, "அண்ணே, இது எந்தத் தோலு?"ன்னு கேளுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். பத்திரமா ஓட்டுங்க!