முதலில் விலகியவன்

கெட்டவன் என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. வில்லன் நடிகர் நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு சிரித்தால் போதும், கொட்டகையே பல்லைக் கடிக்கும். அந்த நம்பியாரோ நிஜத்தில் சபரிமலைக்கு மாலை போட்ட குருசாமி! ஊரில் உள்ள கெட்டவர்களையெல்லாம் பட்டியல் போட்டு வாசிக்கிற பேச்சாளர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் சிக்காதவர்களைப் பற்றித்தான் இன்று என் பேச்சு. 1942 ஜூலை 13, போலந்தில் யூசெஃபூவ் என்ற சிற்றூர். நாஜி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வந்த 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாளம், கிட்டத்தட்ட 500 பேர். மூட்டை தூக்கியவர், லாரி ஓட்டியவர், ஓட்டலில் பரிமாறியவர், குமாஸ்தா. பெரும்பாலும் நடுவயது, பிள்ளைகுட்டிக்காரர்கள். பட்டாளத் தலைவர் மேஜர் டிராப் கண்ணீரோடு உத்தரவைச் சொல்கிறார்: யூதப் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், எல்லோரையும் சுட வேண்டும். சொல்லிவிட்டு, மனம் ஒப்பாத மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்கிறார். ஒருவன் வெளியே வந்தான். அவனைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அன்று செத்தவர்கள் சுமார் 1,500 பேர்.

விலகினால் அவனையே சுட்டிருப்பார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நடந்தது என்ன? முதலில் விலகியவனுடைய கேப்டன் கத்தினார், மேஜர் அவரை அடக்கினார், இவன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போனான். அவ்வளவுதான்! நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காகக் கடுந்தண்டனை பெற்றவன் என்று ஒருவனைக்கூடப் போருக்குப் பிந்தைய வழக்குகளில் வக்கீல்களால் காட்ட முடியவில்லை. அப்படியானால் மற்றவர்களைக் கட்டிப்போட்டது எது? பக்கத்தில் நிற்பவன் கோழை என்று சொல்லிவிடுவானோ என்ற கூச்சம். இல்லை, ஊட்டி வளர்த்த இனவெறிதான் காரணம் என்பார்கள். அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மில்கிராம் நடத்திய சோதனையில் எந்த வெறி இருந்தது? விசையை அழுத்தினால் அடுத்த அறையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு மின்னதிர்ச்சி; அவர் அலறுகிறார். அது நடிப்பு என்று விசையை அழுத்துபவருக்குத் தெரியாது. சோதனை தொடர வேண்டும் என்று பக்கத்தில் ஒருவர் அமைதியாகச் சொல்கிறார். 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அதே மில்கிராம் பிறகு, தன் ஆட்கள் இருவரைக் கூட உட்காரவைத்து, அவர்களை நடுவிலேயே மறுக்க வைத்தார். இந்த முறை கடைசிவரை போனவர்கள் 40க்கு 4 பேர்! மனிதர்கள் மாறவில்லை ஐயா, பக்கத்து நாற்காலி மாறியது.

அதனால்தான் யூசெஃபூவில் முதலில் விலகிய அந்த ஒருவனை என்னால் விட முடியவில்லை. அவன் மகான் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் வந்திராவிட்டால் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் வந்திருப்பார்களா என்பதுதான் கேள்வி. கல்லூரித் தம்பிமார்களே, விடுதி அறையில் முதலாண்டுப் பையன் ஒருவனை நடுவில் நிறுத்திவைத்துச் சிரிக்கும்போது, "விடுங்கடா அவனை" என்று எவனாவது வாய் திறந்தால், அவனைத் தனியாக நிற்க விடாதீர்கள். இரண்டாவது ஆளாகப் போய் நில்லுங்கள்.