ஐந்தருவிச் சாலையில் ஒரு வீடு

தென்காசிக் கோபுர வாசலில் நின்றால் மலைக்காற்று ஆளையே தள்ளும். ஆடி மாதம் என்றால் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். காற்று வரும் பக்கமாகவே ஐந்து கிலோமீட்டர் போனால் குற்றாலம்.

வழியில் மேலகரம், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அடுத்து காசிமேஜர்புரம். காசிக்குப் போய் வந்த மேஜர் எவரும் இல்லை. கசமேஜர் என்ற கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரியின் பெயர் ஊர்வாயில் புரண்டு இப்படி நிலைத்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினியார் இந்த மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் வைத்துத் தோட்டம் போட்டார்கள். சீசனில் இன்றும் சாலையோரக் கூடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும்.

தோட்டத்தைத் தொடர்ந்து பங்களாக்கள் வந்தன. வெள்ளைக்காரத் துரைகள், ஜமீன்தார்கள், வசதியுள்ள குடும்பங்கள் என்று ஆளுக்கொரு வீடு. திருவிதாங்கூர் அரசர்களுக்கும் இங்கே ஓர் அரண்மனை உண்டு. அது இன்றும் கேரள அரசின் வசம் இருக்கிறது. இந்தப் பங்களாக்களுக்கெல்லாம் அகலமான தாழ்வாரம், சரிந்த ஓட்டுக்கூரை, சுற்றிலும் மரங்கள். பார்க்க அழகுதான். ஆனால் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலுக்காகத் திறக்கிற வீடுகள் இவை. மற்ற மாதங்களில் காவல்காரர் மட்டும் இருப்பார், ஓட்டின்மேல் பாசி வளரும்.

ஆண்டு முழுக்கத் திறந்திருந்த வீடு ஒன்று உண்டு. அது ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீடு.

டி.கே.சி. வக்கீலுக்குப் படித்தவர். அந்தத் தொழில் அவருக்கு ஒட்டவில்லை. 1930 முதல் 1935 வரை அறநிலையத் துறையில் ஆணையராக இருந்தார். அதற்கு முன்பே, 1920களில், திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடித் தமிழ்ப்பாட்டுப் பேசுவார்கள். வட்டத்தொட்டி என்று அந்தக் கூட்டத்துக்கே பேராகிவிட்டது. அவர் குற்றாலத்துக்குக் குடிவந்ததும் வட்டத்தொட்டியும் கூடவே வந்துவிட்டது. தொட்டிக்கட்டு மட்டும் வண்ணார்பேட்டையிலேயே நின்றது!

ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். பின்னாளில் நீதிபதியான எஸ். மகராஜன் வந்தார். இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். வந்தவர்கள் முதலில் அருவிக்குப் போக வேண்டும். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வந்தவன் பசி சாமானியப் பசியா? அந்த வீட்டுச் சாப்பாட்டை மறக்காமல் சொன்னவர்கள் பலர். தோசைக்கும் கம்பனுக்கும் அங்கே சம மரியாதை என்று சொன்னால் மிகையாகாது.

பாட்டு சொல்லும்போது டி.கே.சி. அவசரப்படமாட்டார். ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார். அதே வரியை வேறு தொனியில் இன்னொரு தரம் சொல்வார். எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்த பிறகுதான் அடுத்த வரி. அச்சிலும் சீர் கணக்கைப் பார்க்காமல் பொருள் விளங்கும்படி சொற்களைப் பிரித்துப் போட்டார். கம்பராமாயணத்தில் சுவை குறைந்த பாட்டுகளெல்லாம் கம்பன் வாக்கே இல்லை என்று அவர் தள்ளியபோது புலவர்கள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் உண்டு. ஒருவருடைய ருசியே ஏட்டுச் சான்றாகிவிடாது. ஆனாலும் படிப்பு வாசனையே இல்லாதவரையும் கம்பன் பக்கம் திருப்ப அந்த ருசியால் முடிந்தது.

கடிதம் எழுதுவதிலும் மன்னர். சாரல், அருவியில் தண்ணீர் வரத்து, யார் வந்தார்கள், எந்தப் பாட்டு ஓடியது என்று, நேரில் பேசுகிற மாதிரியே எழுதுவார். அந்தக் கடிதங்கள் பிற்பாடு புத்தகங்களாக வந்தன.

1954 பிப்ரவரி 16ஆம் நாள் டி.கே.சி. குற்றாலத்திலேயே காலமானார். கல்கியும் அதே ஆண்டு டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். ரசிகமணியின் நினைவிடம் ஐந்தருவிச் சாலையில் இருக்கிறது. சீசன் கூட்டத்தில் வேன்கள் அதைத் தாண்டிப் பறந்துவிடும். அங்கே இறங்க நினைப்பவர்கள் டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.