பின்கதவு கேட்ட பாட்டி



வீடிழந்தவருக்கு வீடு கட்டித் தருவது யார் பொறுப்பு என்பதுதான் இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. எனக்கு முன் பேசியவர்களில் ஒருவர் அரசாங்கம் என்றார். மற்றொருவர் ஆலயங்களும் இயக்கங்களும் என்றார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. கட்டித் தர முன்வந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எப்படிக் கட்டித் தருவது? இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு பாட்டி.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பேராக்கில் ஒரு பழைய தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் நள்ளிரவில் மின்கசிவு ஏற்பட்டது. பலகை வீடு, தகரக் கூரை. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எழுபதைத் தாண்டிய பாட்டியும், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பேரனும் உடுத்திய துணியோடு உயிர் தப்பினார்கள்.

மூன்றாம் நாள் நாங்கள் கேமராவோடு போனோம். "பாட்டி, இப்போ உங்க மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பாட்டி அழுதார். அந்த அழுகையைப் பதிவு செய்துகொண்டு கோலாலம்பூர் திரும்பினோம். நிகழ்ச்சி ஒளியேறியது. தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. ஓர் இளைஞர் குழு வீடு கட்டித் தர முன்வந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை 40 பேர் வந்தார்கள். கரியை அள்ளினார்கள், வளைந்த தகரங்களை லோரியில் ஏற்றினார்கள், படமும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் 25 பேர். நான்காவது வாரம் 9 பேர். கடைசி வரை நின்றவர்கள் 5 பேர்.

வேலை ஏன் இழுத்தது? வீடு எரிந்தால் பலகை மட்டும் எரிவதில்லை நேயர்களே. அடையாள அட்டை எரிகிறது, பேரனின் பிறப்புப் பத்திரம் எரிகிறது, நிலப் பட்டா எரிகிறது. முதலில் காவல் நிலையத்தில் புகார், பிறகு தேசியப் பதிவிலாகா, அதன் பிறகு நில அலுவலகம். பட்டா காலஞ்சென்ற தாத்தாவின் பெயரில் இருந்தது. அதைச் சரிசெய்யாமல் புதுச் சுவர் எழுப்ப முடியாது. இந்த அலைச்சலில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஆட்களும் குறைந்தார்கள்.

அந்த ஐவரில் ஒருவர் பக்கத்துக் கம்பத்துத் தச்சர். எல்லாரும் அவரைப் பாக்சிக் என்று கூப்பிடுவார்கள். சமையலறைச் சுவர் எழும்பிய நாளில் பாட்டி வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குய்யா. பின்கதவு எங்க?"

வரைபடத்தில் ஒரே கதவுதான் இருந்தது. "ஒரு கதவுன்னா செலவு குறையும் பாட்டி. பூட்டுறதும் சுலபம்" என்றார் ஓர் இளைஞர்.

"அன்னிக்கு முன்வாசப் பக்கந்தான்யா பத்திக்கிச்சு. பின்கதவு இல்லன்னா நானும் என் பேரனும் இன்னிக்கு இல்ல."

யாரும் பேசவில்லை. பாட்டி சொன்னதை ஒருவர் மலாய்மொழியில் சொன்னதும், பாக்சிக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் கதவின் அளவைக் கோடிட்டார். கட்டிய சுவரை வெட்டிக் கதவு வைத்தார்கள். அன்று வேறு வேலை நடக்கவில்லை.

இதை நான் நேரில் பார்க்கவில்லை. சாவி ஒப்படைப்பு நாளில்தான் கேள்விப்பட்டேன். அன்றிரவு நிலையத்துக்குத் திரும்பி எங்கள் பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஒளியேறாமல் வெட்டப்பட்ட பகுதியில் பாட்டி, "பின்பக்கமா..." என்று சொல்லத் தொடங்குகிறார். நான் குறுக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன். அழுகை கிடைத்துவிட்டது, நேரமும் குறைவு. அந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்டிருந்தால் வரைபடத்திலேயே கதவு இருந்திருக்கும். இந்தக் குற்ற உணர்வோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

கூடி வேலை செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கோத்தோங் ரோயோங் என்ற சொல் நம் எல்லாருக்கும் பழக்கம். மலாய்க் கிராமங்களில் உசோங் ரூமா என்று ஒரு வழக்கம் உண்டு. தூண்கள் மேல் நிற்கும் மரவீட்டை ஊரார் ஒன்றுசேர்ந்து தோளில் தூக்கி வேறோர் இடத்தில் வைப்பார்கள். அங்கே வீட்டுக்காரர் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். எங்கே இறக்க வேண்டும், வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். மானெக் ஊராய் போன்ற இடங்களில் வீடுகளே அடித்துச் செல்லப்பட்டன. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் தத்தளித்தபோது சொந்தப் படகோடு ஓடியவர்கள் உண்டு, சேறு வாரியவர்கள் உண்டு. நம் மக்களுக்கு மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் வாரத்து மனத்தைக் கடைசி வாரம் வரை கொண்டு போவதுதான் கடினம்.

அதைச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் 2010-இல் தொடங்கிய எபிக் ஹோம்ஸ் இயக்கம் தொண்டூழியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்து, பூர்வகுடிக் குடும்பங்களோடு சேர்ந்து வீடு கட்டுகிறது. அமெரிக்காவில் 1976-இல் தோன்றிய ஹேபிட்டட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பில், வீடு பெறும் குடும்பமும் கட்டுமானத்தில் உழைக்க வேண்டும் என்பது விதி. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் அங்கே தொண்டூழியர். 2019-இல், 95 வயதில், வீட்டில் விழுந்து புருவத்துக்கு மேல் 14 தையல் போட்டுக்கொண்ட பிறகும் நாஷ்வில் நகரில் வீடு கட்டும் வேலைக்குப் போய்விட்டார். 2024-இல் 100 வயதில் காலமானார். அவர் சுத்தியல் பிடித்த படம் உலகெங்கும் போனது. எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் படமல்ல, அவர் ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்பப் போனதுதான்.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முன்னாலேயே 22-ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். ஈகை, இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒன்றாக நின்று உதவுவது. வீடு கட்டித் தருவதை நாம் ஈகை என்று மட்டும் நினைத்தால், வாங்குகிறவர் கைகட்டி நிற்பார், பின்கதவு வேண்டும் என்று கேட்கவும் கூசுவார். ஒப்புரவு என்று நினைத்தால் உரிமையோடு கேட்பார்.

ஆகவே முன்வரும் இயக்கங்களுக்கு என் பணிவான வேண்டுகோள். வரைபடம் போடும் முன் வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பேசுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆணி வாங்குங்கள். மின் இணைப்பு வேலையைப் பதிவு பெற்ற மின் குத்தகையாளரிடமே விடுங்கள், அங்கே ஆர்வம் மட்டும் போதாது. 40 பேரையும் ஒரே ஞாயிறு அழைக்காமல், வாரத்துக்கு 8 பேராகப் பிரித்து அழையுங்கள்.

ஒப்படைப்பு நாளில் பாட்டியின் கையில் பெரிய அட்டைச் சாவியைக் கொடுத்துப் படம் எடுத்தோம். படம் முடிந்ததும் பாட்டி அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து நேராகச் சமையலறைக்கு அழைத்துப் போனார். பின்கதவைத் திறந்து காட்டினார். மூடினார். மறுபடி திறந்தார்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. பிறருக்கு வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் முழுப் பொருளும் தெரியும். அடுத்த முறை வீடிழந்த ஒருவரைப் பார்க்கப் போகும்போது, "மனசு எப்படி இருக்கு?" என்று என்னைப் போல் கேட்காதீர்கள். "உங்க வீடு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள்.