அணிகலன் அன்று, அடியார் திருவேடம்
(சமயச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



திருநீறு, உருத்திராக்கம், திருவைந்தெழுத்து ஆகிய மூன்றும் சைவப் பெருமக்களின் பெருஞ்செல்வங்கள். திருநீறு நெற்றியில் விளங்குவது. திருவைந்தெழுத்து நாவில் நிலைபெறுவது. உருத்திராக்கம் கழுத்திலும் மார்பிலும் தங்குவது. அக்கம் என்னும் சொல் கண்ணைக் குறிக்கும். உருத்திரனுடைய திருக்கண்ணினின்று தோன்றியது ஆதலின் அது உருத்திராக்கம் எனப்பட்டது என்பது புராண மரபு. கண்டிகை என்பது அதற்கு வழங்கும் மற்றொரு பெயர்.

இமயமலைச் சாரலிலும், நேபாளத்திலும், இந்தோனேசியத் தீவுகளிலும் இம்மரம் வளர்கின்றது. இதன் கனி நீல நிறமுடையது. சதையை நீக்கியபின் எஞ்சும் கொட்டையே உருத்திராக்க மணி. அதன்மேல் ஓடும் கோடுகளைக் கொண்டு முகங்களைக் கணக்கிடுவர். ஐந்து முகம் உடைய மணியே மிகுதியாகக் கிடைப்பது.

இத்தகைய திருமணி இன்று தோல்வாரில் கோக்கப்பட்டுக் கைக்கடிகாரத்திற்குத் துணையாக மணிக்கட்டில் ஏறியிருக்கின்றது. சட்டையின் நிறத்திற்குப் பொருந்தினால் அணிவதும், பொருந்தாவிடில் ஆணியில் மாட்டிவிடுவதும் வழக்கமாகி வருகின்றன. ஓங்காரம் பொறித்த பதக்கமும், தெய்வத் திருவுருவம் அச்சிட்ட ஆடையும் அவ்வாறே ஆயின. "அழகாக இருக்கிறது, அணிகின்றோம், இதில் குற்றம் என்ன?" என்று இளைஞர் கேட்கின்றனர். அக்கேள்விக்குச் சினம் விடையாகாது. பொறுமையாகவே விடை கூறுதல் வேண்டும்.

அழகு குற்றமன்று. பொன் கட்டிய உருத்திராக்கத்தை மடாதிபதிகளும் அணிகின்றனர். குறை பொன்னிலும் இல்லை, தோல்வாரிலும் இல்லை. அணிகலன் அணிபவரை எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. சின்னமோ கட்டுப்படுத்தும். இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

சபரிமலைக்கு மாலையணியும் அன்பரைக் காணுங்கள். குருசாமி கழுத்தில் இடும் மாலை துளசியோ, உருத்திராக்கமோ ஆகலாம். அது கழுத்தில் ஏறிய நாள்முதல் அவர் புலாலையும் மதுவையும் நீக்குகின்றார், கடுஞ்சொல்லை விலக்குகின்றார், 41 நாள் நோன்பு காக்கின்றார். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவர்களும் அவரைச் 'சாமி' என்று அழைக்கின்றனர். பெற்ற தாயும் அவ்வாறே அழைக்கின்றாள். யாத்திரை முடிந்தபின் அம்மாலையை வழிபாட்டோடு கழற்றுகின்றனரேயன்றி, வீசி எறிவதில்லை. ஒரு சிறு மணிமாலை ஒரு மனிதனின் உணவையும் சொல்லையும் ஒழுக்கத்தையும் மாற்றிவிடுகின்றது. அதுவே சின்னத்தின் ஆற்றல்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. 108 மணிகள் கோத்த செபமாலையைக் கையில் ஏந்தி ஐந்தெழுத்தை எண்ணுவோர், அக்கையைத் துணியால் மூடிக்கொள்ளுதல் மரபு. மணி உருள்வதைப் பிறர் காணலாகாது என்பதே கருத்து. பிறர் காணாதிருக்க மறைத்துப் போற்றிய ஒன்றைப் பிறர் காண வேண்டும் என்பதற்காகவே அணிவது எத்துணை முரண்!

அன்பர்களே! 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் திருவேடத்தின் பெருமையை உணர்த்தும் வரலாறுகள் உள்ளன. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசி, சடைமுடி கட்டி, சுவடிக்கட்டுக்குள் வாளை மறைத்து வந்தான். ஆகமம் உரைப்பதாகக் கூறியவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தாழ அமர்ந்தார் நாயனார். அவன் குத்தினான். காவலனாகிய தத்தன் வாளை ஓங்கினான். குருதி பெருகிய நிலையிலும் நாயனார் அவனைத் தடுத்து, வந்தவனை ஊர் எல்லைவரை பாதுகாப்பாகக் கொண்டு விடுமாறு பணித்தார். விட்டு வந்த செய்தி கேட்கும் வரை உயிரைத் தாங்கி நின்றார்.

ஏனாதிநாத நாயனாரும் அத்தகையவரே. பகைவனாகிய அதிசூரன் அதுவரை பூசாத திருநீற்றைப் பூசி, அதனைக் கேடயத்தால் மறைத்து வந்து, தோற்கும் வேளையில் கேடயத்தை விலக்கினான். நீறு கண்ட நாயனார் போர் புரிவதை விட்டார். ஆயினும் கையிலிருந்த வாளைக் கீழே போடவில்லை. படைக்கலம் இல்லாதவரைக் கொன்றான் என்னும் பழி, நீறணிந்த அவனைச் சேரலாகாது என்று எண்ணி, போர் செய்பவர் போலவே நின்று உயிர் துறந்தார்.

இவ்வரலாறுகள் வேடத்தைக் காண்பவர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை உணர்த்துகின்றன. வேடத்தைப் புனைபவர் எவ்வாறும் ஒழுகலாம் என்று இவை இசைவு தரவில்லை. உருத்திராக்கம் கண்ட இடத்தில் கைகூப்பும் நெஞ்சங்கள் இன்றும் உள்ளன. அக்கும்பிடு யாரை நோக்கி வருகின்றது என்பதை அணிபவர் அறிதல் வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். திருக்கோயில் வரிசையில் ஓர் இளைஞர் நிற்கின்றார். கழுத்தில் உருத்திராக்க மாலை. எதிரே வரும் முதியவர் ஒருவர் அதனைக் கண்டு கைகூப்புகின்றார். இளைஞர் நாணி, "ஐயா, இது அழகுக்காகப் போட்டது; எனக்கு ஒன்றும் தெரியாது" என்கின்றார். முதியவர் என்ன செய்தல் வேண்டும்? இகழ்தல் தகுமா?

சேரமான் பெருமாள் நாயனார் வரலாறு வழிகாட்டுகின்றது. அவர் யானைமேல் உலா வரும்போது, உவர்மண் பொதி சுமந்த ஆடை வெளுக்கும் தொழிலாளர் ஒருவர் எதிர்ப்பட்டார். மழையில் கரைந்த மண் மேனியில் வழிந்து உலர்ந்து, நீறு பூசியது போல் தோன்றியது. மன்னர் யானையினின்று இறங்கி வணங்கினார். அவரோ அஞ்சி, தாம் யார் என்ற உண்மையை உரைத்தார். மன்னர் சினந்தாரில்லை, ஏமாந்தோம் என்று நாணினாரில்லை. தம்மையும் ஓர் அடியவராகவே கூறி, திருநீற்று வேடத்தை நினைவூட்டினீர், வருந்தாது செல்லுங்கள் என்று விடைகொடுத்தார்.

இன்றைய இளைஞர் முத்தநாதன் அல்லர். வஞ்சம் அவரிடம் இல்லை. அறியாது மேனியில் படிந்த வெண்மையே அவரிடம் உள்ளது. அதன் பொருளை அன்போடு எடுத்துரைத்தல் பெரியோர் கடமை.

இளைஞர்களே! அணிந்த மணியைக் கழற்றுங்கள் என்று எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டா. அணிந்தால் அதற்கு உரியவராகுங்கள். நாள்தோறும் காலையில் நீராடி, அம்மணியைத் தொட்டு ஐந்தெழுத்தை ஒருமுறையேனும் ஓதுங்கள். அதனை அணிந்துகொண்டு செல்லத் தகாத இடத்திற்குச் செல்லாதீர்கள். சொல்லத் தகாத சொல்லைச் சொல்லாதீர்கள். அது இயலாதெனில், தூய இடத்தில் வைத்துவிடுங்கள். அணியாமை குற்றமாகாது. அழகுக்கு வேறு மணிகள் எத்தனையோ உள்ளன.

அழகுக்காக ஏறிய மணி, அன்புக்காக நிலைபெறுவதும் உண்டு. கழுத்தில் கிடக்கும் கண்டிகை கருத்திலும் பதிய எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!

திருச்சிற்றம்பலம்.