பழைய லேப்டாப்பும் நம்ம கணக்கும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வரவு செலவு வாசிக்கப் போறதில்லை, பயப்படாதீங்க. நம் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்பு லேப்டாப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2011-ல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது வாங்கிய பிள்ளைகள் இன்றைக்குக் குழந்தைகளுக்குத் தாய். லேப்டாப் மட்டும் பீரோ மேல, சேலைக்கு அடியில கிடக்குது. "ரொம்ப ஸ்லோ, ஒண்ணுக்கும் ஆகாது" என்று ஒதுக்கி வைத்ததுதான் பாதிக்கு மேல. ஆபீசில் இருப்பதும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்ததே.

அதுக்கு முன்னால நம் கணக்கெல்லாம் எங்கே இருந்தது? கையால் எழுதிய பேரேடு நம்மிடம் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியது ஒரு சென்டர்காரர் மெஷினில் இருந்தது. ஒரு அக்கா 22 தவணை கட்டியிருந்தார், அங்கிருந்து வந்த பிரிண்டில் 20 என்று இருந்தது. பாஸ்புக்கை எடுத்து வந்து அவர் காட்டினதால் தப்பித்தார். அந்த ரெண்டு தவணை எங்கே விட்டுப்போனது என்று பார்க்கலாம் என்றால், ஃபைல் நம் கையில் இல்லை. அவர் கடை திறக்கிற நேரத்துக்குப் போய் நிற்கணும். நம்ம பணம், நம்ம கணக்கு, பார்க்கிறதுக்கு இன்னொருத்தர் வாசலில் காத்திருக்கணுமா? புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் இல்லை என்பதும் உண்மை. அப்போதான் பீரோ மேலிருந்த லேப்டாப் கீழே இறங்கியது.

செல்போன் போதாதா என்று கேட்பார்கள். பார்க்கப் போதும். இருபது பேர், பன்னிரண்டு மாதச் சந்தா, உள்கடன், வட்டி என்று கட்டம் போட்டு எழுத அது உதவாது. இன்னொன்றும் உண்டு. செயலாளர் மாறினால் அவர் போனும் அவரோடு போயிடும். மேசையில் இருக்கும் மெஷின் எங்கேயும் போகாது.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பழைய லேப்டாப் மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற சுற்றாத டிஸ்க் போட்டோம். 2 ஜிபி ராமோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தோம். ஃபேனில் பஞ்சு மாதிரி அடைத்திருந்த தூசியைச் சுத்தம் பண்ணினோம். கூலியோடு எல்லாம் 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வரலாம், இப்போது ஒரு நிமிடத்துக்குள் திறக்கிறது.

கழற்றின டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுட்டு வராதீங்க. அதில் உங்க மகளுடைய போட்டோ, ஆதார் நகல், எல்லாம் இருக்கும். அழித்துவிட்டோம் என்று நினைப்பதுகூட முழுசாக அழிவதில்லை. கையோடு வாங்கிட்டு வாங்க. இருநூறு, முந்நூறு ரூபாய் உறை ஒன்றில் போட்டால் பென் டிரைவ் மாதிரி வேலை செய்யும். நாங்கள் வீட்டுக்காரர்களின் படங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, மாதாமாதம் கணக்கின் நகல் வைக்க அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

அதில் முதலில் இருந்தது விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான அப்டேட் முடிந்தது. அப்டேட் நின்ற மெஷினில் வங்கி வேலை பார்க்க எனக்கு மனசு வராது. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டோம், காசு கிடையாது. எழுத, கட்டம் போட லிபர் ஆபீஸ், அதுவும் இலவசம். தமிழ்99 முறையில் தட்டச்சு செய்யலாம்: உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. "அக்கா" என்று அடிக்க அ, க, க, ஆ போதும், புள்ளி தானாக விழும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு ரெண்டு பேர் அரைமணி நேரம் அக்கா, தங்கச்சி, பாட்டி என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பேட்டரிதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, மூடினால் சரியாக மூடாமல் இருந்தாலோ, பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடவே கூடாது. ஊசியால் குத்துவது, குப்பையோடு கொளுத்துவது எல்லாம் ஆபத்து, தீப்பிடிக்கும். கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்க. பேட்டரி இல்லாமலே சார்ஜரில் பெரும்பாலான லேப்டாப் ஓடும். கரண்ட் போனால் மட்டும் உடனே அணைந்துவிடும், அதனால் நாலு வரி எழுதியதும் சேவ் பண்ணிடணும். நல்ல பேட்டரி என்றால் அதுவே ஒரு யு.பி.எஸ்.

தேதி பழைய வருடத்துக்கு ஓடிப்போகிறதா? உள்ளே காசு மாதிரி சின்ன பேட்டரி ஒன்று உண்டு, பெரும்பாலும் 2032 என்று எழுதியிருக்கும். அதை மாற்றினால் சரி. தேதி தப்பாக இருந்தால் வங்கித் தளம் "பாதுகாப்பில்லை" என்று சொல்லித் திறக்க மறுக்கும். வைரஸ் என்று சொல்லிக் காசு பிடுங்க இடம் கொடுக்காதீங்க.

சின்னத் திரையைக் குனிந்து பார்த்தால் கழுத்து போயிடும். நாங்கள் பழைய மானிட்டர் ஒன்றையும் தனிக் கீபோர்டு, மவுசையும் மாட்டினோம். லேப்டாப் ஓரமாகத் திறந்தே இருக்கும், சூடு வெளியே போகணும். மாதக் கூட்டத்தில் எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக டிவியில் மாட்டுகிறோம். ஒவ்வொரு பெயரும் எதிரே இருக்கும் தொகையும் விரல் அகல எழுத்தில் தெரியும். கண்ணாடி மறந்து வந்த அக்காவும், "என்னோடது 14,500 இல்ல, 14,000, போன வாரம் 500 கட்டிட்டேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறார். ரசீதைப் பார்த்து அங்கேயே திருத்துகிறோம். முன்னே தணிக்கையில்தான் இது வெளியே வரும்.

எல்லாப் பழசுக்கும் செலவு பண்ணாதீங்க. மதர்போர்டு போனது, 1 ஜிபி ராமுக்கு மேல் ஏற்ற முடியாதது, 64-பிட் ஓடாதது, இவற்றை விட்டுவிடலாம். பழுதுக்குக் கேட்கிற தொகை 5,000-ஐத் தாண்டினால் நான் வேண்டாம் என்பேன். நல்லா ஓடுற பழசுகூட வீடியோ மீட்டிங்கில் கொஞ்சம் திணறும், அதுக்குப் போன் இருக்கட்டும். வங்கிப் பாஸ்வேர்டை மெஷினில் சேமிக்க வேண்டாம், ஓ.டி.பி.யை எனக்கும் சொல்ல வேண்டாம்.

வீட்டில் லேப்டாப் கிடக்கிறவர்கள் வியாழக்கிழமை காலையில் ஆபீசுக்கு எடுத்து வாங்க, சார்ஜரை மறக்காதீங்க. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்து வாங்க, அது அவளுக்குக் கொடுத்தது. வீங்கின பேட்டரி இருந்தால் பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வர வேணாம், போன் பண்ணுங்க, நாங்களே வந்து பார்க்கிறோம்.